புலம்பெயர்ந்த கனியும் புதுமனையின் இனிப்பும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வரைய அமரும்போதெல்லாம் பழந்தமிழ் நூல்களைப் பற்றியோ, நம் நாட்டுக் கோயில்களைப் பற்றியோ எழுதுவது நமது வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, ஒரு தின்பண்டத்தின் வரலாற்றைக் கூறப் புகுந்தோம். இதற்குக் காரணம் உண்டு; அதனை முதற்கண் சொல்லிவிடுதல் முறையாகும்.

சென்ற ஆண்டு விழாவின்போது மாதாப்பூர் காலனிச் சமுதாயக் கூடத்தில் விருந்து நடந்ததை அன்பர்கள் மறந்திரார். வீட்டுக்கு ஒரு பண்டம் என்னும் ஏற்பாட்டின்படி சர்க்கரைப் பொங்கலும், புளியோதரையும், வடையும், அதிரசமும் வந்து குவிந்தன. நம் காலனி அம்மையார் ஒருவர், பள்ளியிற் படிக்கும் தம் மகளோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த ‘பீச் கோப்ளர்’ என்னும் இனிப்பை இரண்டு தட்டுகளில் கொணர்ந்து வைத்தார். சங்கத்துப் பெரியவர் ஒருவர் அதனைக் கண்டு, “தமிழ்ச் சங்கத்து விருந்திலே அமெரிக்கப் பண்டம் எதற்கம்மா? நம் பண்டங்கள் எல்லாம் தீர்ந்துபோயினவா?” என்று வினவினார். அவர் கடுமையாகக் கேட்டாரல்லர். எனினும் அம்மையார் முகம் வாடிற்று. மறுமொழி ஒன்றும் கூறாமல் தட்டுகளை மூடி ஓரமாக வைத்துவிட்டார். “தாத்தா, இது நாங்களே செய்தது” என்று அச்சிறுமி மட்டும் மெல்லக் கூறினாள். விருந்து முடிந்தது. அவ்விரண்டு தட்டுகளும் திறக்கப்படாமலே வீடு திரும்பின.

நாமும் அவ்விடத்தில் இலை போட்டுக்கொண்டு நின்றிருந்தோம், வாய் திறந்தோமில்லை. பெரியவர் சொன்னது சரியென்று தோன்றியதா, அவரை எதிர்த்துப் பேச நாணினோமா என்பதை இன்றும் நம்மால் உறுதியாகக் கூற இயலவில்லை. ஆனால், “எது நம் பண்டம்?” என்னும் வினா அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை. விடை தேடிப் படித்தவற்றை ஈண்டு அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

கனியின் நெடும்பயணம்

கோப்ளர் என்பது யாது? சர்க்கரையிட்ட பழத்துண்டுகளின்மீது மாவைத் திட்டுத் திட்டாக இட்டு, மேலும் கீழும் வெப்பம் படும்படி வேகவைத்து எடுக்கும் எளிய இனிப்பே அது. கீழே பழம் பாகாகிக் குழைந்திருக்கும். மேலே மாவு பொன்னிறமாகப் பூரித்து நிற்கும். அவ்வாறு திட்டுத் திட்டாகத் தோன்றும் மேற்பரப்பு, உருளைக் கற்கள் பாவிய தெருவை ஒத்திருப்பதால் இப்பெயர் எய்திற்று என்பர் ஒரு சாரார்.

இதற்குரிய பீச் பழத்தை இந்தியில் ‘ஆடூ’ என்பர். தமிழ் அகராதிகளில் ‘குழிப்பேரி’ என்னும் பெயரும் உண்டு. தாவர நூலார் இதற்கு ‘ப்ரூனஸ் பெர்சிகா’ என்று பெயரிட்டனர். பெர்சிகா என்றால் பாரசீகத்தது என்பது பொருள். ஆனால், இப்பழம் பாரசீகத்தில் தோன்றியதன்று, சீனத்தில் தோன்றியது. அங்கு யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இதனைத் தேர்ந்து வளர்க்கத் தொடங்கினர் என்பது, மண்ணிற் புதைந்து கிடந்த கொட்டைகளை ஆராய்ந்தோர் துணிபு. பாரசீக வழியாகக் கிரேக்கருக்கும் உரோமருக்கும் சென்றமையால், வழியில் தங்கிய ஊரின் பெயரே கனிக்கு நிலைத்துவிட்டது. பிறந்த ஊரை விட்டு வாழ வந்த ஊரால் அறியப்படுவது மாந்தர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

நம் நாட்டிற்கு இக்கனி வந்த வரலாறும் சுவையானது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாரதத்தில் சுற்றுப்பயணம் செய்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அதனைக் குறித்து வைத்துள்ளார். கனிஷ்க மன்னரிடம் பிணையாக அனுப்பப்பட்டோர் வடமேற்குப் பகுதியில் ‘சீனபுக்தி’ என்னும் இடத்தில் தங்கியிருந்தனராம். அவர்களே பேரியையும் பீச்சையும் இந்நாட்டில் முதன்முதலாகப் பயிரிட்டனர் என்றும், அதனால் பீச் ‘சீனநி’ என்றும், பேரி ‘சீனராஜபுத்திர’ என்றும் வழங்கின என்றும் அவர் எழுதுகின்றார். பிணைக்கைதியாய் அயல் மண்ணில் வாழ நேர்ந்தவர்கள் தம் ஊர்க் கனியின் விதையையும் உடன் கொணர்ந்தனர் என்னும் இச்செய்தி உள்ளத்தைத் தொடுகின்றது. இதே யுவான் சுவாங் பின்னர்த் தெற்கே வந்து நம் காஞ்சிமாநகரையும் கண்டு சென்றவர் என்பது அன்பர்கள் அறிந்ததே.

மேற்கே சென்ற கனியை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அமெரிக்கக் கண்டத்திற்குக் கொண்டு சென்றனர். அங்கு அது வியத்தகு விரைவிற் பரவிற்று. அந்நாட்டுப் பழங்குடி மக்கள் இதனை விரும்பித் தம் ஊர்களில் எல்லாம் நட்டனர். 1683ஆம் ஆண்டில் வில்லியம் பென் என்னும் ஆங்கிலேயர் பென்சில்வேனியாவிலிருந்து எழுதிய மடலில், பழங்குடியினரின் தோட்டங்களில் எல்லாம் பீச் மரங்கள் நிற்பதாகக் குறிப்பிட்டார். பின்னர் வந்து குடியேறியோர் சிலர், அம்மரம் அம்மண்ணுக்கே உரியது என்று கருதும் அளவிற்கு அது வேரூன்றிவிட்டது.

இல்லாமையிற் பிறந்த இனிப்பு

கனி இவ்வாறு வந்து சேர்ந்தது. இனிப்பு எவ்வாறு பிறந்தது?

இங்கிலாந்திலிருந்து சென்று குடியேறியவர்களின் வீட்டுப் பெண்டிர், தம் தாய்மார் செய்த புட்டிங், பை ஆகிய பண்டங்களை மறந்தாரல்லர். ஆனால் அவற்றைச் செய்தற்குரிய பொருள்கள் புதிய மண்ணில் எளிதிற் கிட்டவில்லை. காடு திருத்திக் குடிசை கட்டி வாழ்ந்த எல்லைப்புறத்துக் குடும்பங்களுக்குச் செங்கல்லால் கட்டிய பெரிய சூளையடுப்பும் இல்லை. கையில் இருந்தவை சிறிது மாவும், சிறிது கொழுப்பும், தோட்டத்துப் பழமும், ஓர் இரும்புப் பானையுமே.

அவ்விரும்புப் பானைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஏபிரகாம் டார்பி என்னும் ஆங்கிலேயர், மணலால் அச்சு அமைத்து இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். டச்சுக்காரர் பித்தளைப் பாத்திரம் வார்க்கும் முறையை அறிந்து அதனைத் தழுவியே அவர் இதனைச் செய்தமையால், இவ்வகைப் பானைக்கு ‘டச்சு ஓவன்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அமெரிக்காவில் இதற்குக் குட்டையான மூன்று கால்களும், தணலைத் தாங்கும் விளிம்புடைய மூடியும் அமைந்தன. பானையின் கீழே தணல், மூடியின் மேலும் தணல். இடையில் இருப்பது சூளையடுப்பில் வெந்தாற்போலவே வேகும். அடியில் மாவு பரப்பி முறையாகப் பை செய்ய வசதியில்லாதவர்கள், பழத்தை அடியில் இட்டு மாவை மேலே மட்டும் இட்டனர். இதுவே கோப்ளர்.

1839ஆம் ஆண்டில் லெட்டிஸ் பிரையன் என்னும் அம்மையார் வெளியிட்ட ‘கென்டக்கி இல்லத்தரசி’ என்னும் சமையல் நூலில் பீச் பழத்துக் கோப்ளர் இடம்பெற்றுள்ளது. அப்பண்டம் விருந்தினர்க்கு முன் வைக்கும் பகட்டு உடையதன்று, ஆயினும் வீட்டார் உண்பதற்கு மிக நன்று என்னும் கருத்துப்பட அவர் எழுதியுள்ளார். அதாவது, 180 ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவிலேயே இப்பண்டம் விருந்துக்குத் தகுதியற்றதென ஓரமாக வைக்கப்பட்டிருந்தது! அதே கோப்ளரை 2013ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலம் தன் அரசு முத்திரை பெற்ற பண்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஓரமாக வைத்த தட்டு நடுப்பந்திக்கு வர அவ்வளவு காலம் ஆயிற்று.

இவ்வினிப்பை அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிலைநிறுத்திய பெருமையில், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆண்டைகளின் அடுக்களைகளில் அடுப்பின் முன் நின்றவர்கள் அவர்களே. அவர்களுள் ஆபி ஃபிஷர் என்னும் அம்மையாரைப் பற்றி ஈண்டுச் சொல்லியே ஆகவேண்டும். அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப் பின் மேற்கே சென்று சான் பிரான்சிஸ்கோ நகரில் ஊறுகாயும் பழப்பாகும் செய்து புகழ்பெற்றார். அவருக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. அவர் வாயாற் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி, 1881ஆம் ஆண்டில் தென்மாநிலச் சமையல் பற்றிய அவரது நூல் அச்சேறிற்று. எழுத்தறியாத ஒருவரின் கைப்பக்குவம் 140 ஆண்டுகளுக்குப் பின்னரும் வாழ்கின்றதெனில், அவர் சொல்லியதும் பிறர் கேட்டு எழுதியதுமே காரணம். இச்செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகின்றோம். இறுதியில் இதற்கே மீண்டும் வருவோம்.

இருப்புப்பாதை அலுவலகத்திற் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு மகிழ்ச்சியூட்டிய செய்தி மற்றொன்று. பீச் மெல்லிய பழம், தொட்டால் கன்றிப்போகும். 1870களில் ஜார்ஜியா மாநிலத்துச் சாமுவேல் ரம்ஃப் என்பவர், நெடும்பயணத்தைத் தாங்கவல்ல கெட்டியான சதையுடைய ஒரு வகையை உருவாக்கித் தம் மனைவியார் பெயரால் ‘எல்பர்ட்டா’ என வழங்கினார். பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்த பெட்டிகளில் இட்டு, இரயில் வண்டிகளில் நியூயார்க் வரை அனுப்பவும் வழி கண்டார். இரயில் வந்த பின்னரே ஜார்ஜியா ‘பீச் மாநிலம்’ எனப் பெயர் பெற்றது.

தக்காணத்துத் தணல்

இனி அமெரிக்காவை விடுத்து, நாம் வாழும் இந்நகருக்கு வருவோம். கோப்ளருக்கு ஐதராபாத்தில் ஒரு சுற்றம் உண்டு. அதனை நாம் திருமண விருந்துகளிற் பலமுறை உண்டிருக்கின்றோம். அதுவே ‘குபானி கா மீட்டா’.

குபானி என்பது ஆப்ரிகாட் என்னும் பழத்தின் உலர்ந்த வடிவம். ஆப்ரிகாட்டும் பீச்சும் ப்ரூனஸ் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள். ஆப்ரிகாட் தக்காணத்தில் விளைவதன்று. அதற்குக் கடுங்குளிர் வேண்டும். ஆப்கானிய நாட்டிலிருந்தும் வடபுலத்து மலைகளிலிருந்தும் உலர்த்தப்பட்டு வணிகர் மூட்டைகளில் வந்தது. 1518ஆம் ஆண்டு முதல் கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி மரபினரும், 1724 முதல் 1948 வரை ஆண்ட அசஃப் ஜாஹி மரபினரும் பாரசீக, துருக்கியப் பண்பாட்டைத் தழுவியவர்கள். அவர்தம் முன்னோர் உண்ட பழம் இங்குப் பச்சையாகக் கிடைக்கவில்லை. உலர்ந்ததை இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, மறுநாள் சர்க்கரையிட்டுக் குழைய வேகவைத்து, பாலேட்டோடு உண்டனர். கொட்டையையும் வீசாமல் உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை மேலே தூவினர். ஊர்ப்பழம் கிட்டாத ஏக்கமே இந்நகரின் பெருமைக்குரிய இனிப்பாயிற்று. இன்று இதனை வேற்று நாட்டுப் பண்டம் என்பார் எவரும் இலர்.

மற்றுமொரு ஒற்றுமையும் காண்க. ஐதராபாத்துப் பிரியாணியை ‘தம்’ இட்டுச் செய்வர். பானையின் வாயை மாவால் ஒட்டி மூடி, கீழே தணலும் மூடியின்மேல் தணலும் இடுவதே அம்முறை. கென்டக்கிக் காட்டில் கோப்ளர் வெந்ததும் இம்முறையிலேயே. ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டார், ஒரே இடுக்கணுக்கு ஒரே வழி கண்டனர்.

பிறிதொரு சான்று நம் காலத்திற்கு மிக அண்மையது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்திலிருந்து வீடு வாசல் துறந்து வந்தோருள் கான்சந்த் ராம்நானி என்பவர் ஒருவர். அவர் 1953ஆம் ஆண்டில் இந்நகரின் மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட் பகுதியில் ஒரு ரொட்டிக் கடை தொடங்கி, பிரிந்து வந்த மண்ணின் நினைவாக அதற்குக் கராச்சி பேக்கரி என்று பெயரிட்டார். இன்று நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உறவினர்க்கு வாங்கிச் செல்வது அக்கடையின் பழ பிஸ்கட்டுகளையே. பெயரை மட்டும் கண்ட சிலர், 2019ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள அதன் கிளை முன் கூடி ஆரவாரம் செய்ய, பெயர்ப்பலகையில் கராச்சி என்னும் சொல்லை மறைக்க நேர்ந்தது. அந்நாட்டை விட்டு அகதியாய் வந்தவரின் கடை அது என்பதை அவர்கள் எண்ணினாரல்லர். பெயர் கண்டு பண்டத்தை அயலென ஒதுக்குவது எவ்வளவு எளிது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நம் இலையில் உள்ளவை

ஐதராபாத்தும் அமெரிக்காவும் கிடக்கட்டும். தமிழர் இலையில் உள்ளவை எல்லாம் தமிழ் மண்ணிலேயே தோன்றியவையா என்று கேட்டால், விடை வியப்பளிக்கும்.

மிளகாய் இன்றி நமக்குச் சாம்பாரும் இல்லை, துவையலும் இல்லை. அதுவோ அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்நாடு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர்க்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய் மிளகைப்போல் உறைத்தமையால், அதற்கு மிளகாய் என்று தமிழிற் பெயரிட்டு வீட்டினுள் ஏற்றனர். நமது உருளைக்கிழங்கும், பாயசத்து முந்திரியும் அவ்வாறே கடல் கடந்து வந்தவை.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஆதாரமான கரும்பைப் பற்றிப் புறநானூறே பேசுகின்றது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர், கரும்பை இவ்வுலகிற்குக் கொணர்ந்தவர்கள் என்று ஔவையார் 99ஆம் பாடலிற் போற்றுகின்றார். அந்தத் தகடூரே இன்றைய தர்மபுரி. வேற்றிடத்துப் பயிரைக் கொண்டுவந்தது அம்மரபினர்க்கு இழுக்காகவன்றி, ஏழு தலைமுறைக்கும் நின்று நிலவும் புகழாகவே பாடப்பட்டுள்ளது. சென்ற ஆண்டு விழாவில் இச்செய்தி நம் நினைவிற்கு வந்திருப்பின், பெரியவரிடம் பணிவோடு எடுத்துரைத்திருப்போம்.

கோப்ளரில் நம்மவை இல்லாமலும் இல்லை. அதிற் தூவும் இலவங்கப்பட்டை ஈழத்து மண்ணுக்கு உரியது. சிலர் சேர்க்கும் சுக்குப்பொடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜிஞ்சர்’ என்னும் சொல், இஞ்சி என்னும் நம் சொல்லோடு உறவுடையது என்பர் மொழிநூலார்.

பீச் பழமும் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சிக் கொடைக்கானல் மலையேறிக் குடில் அமைத்தனர். மேலை நாட்டுக் கனிகள் அவ்வாறு குடியேறிய ஐரோப்பியராலும் அமெரிக்கராலும் பழனி மலையிலும் நீலகிரியிலும் பரவின. குன்னூரில் 1920ஆம் ஆண்டில் அரசினர் பழ ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தது. பேரியும், பிளம்ஸும், பீச்சும் இன்று அம்மலைகளில் தமிழ் உழவர் கையால் விளைகின்றன. நம் ஊர்ச் சந்தையில் அடுக்கிய பழத்தை வாங்கி உண்டவர்கள், அது மாவின் கீழ் மறைந்தவுடன் அமெரிக்கப் பண்டம் என்பது பொருந்துமா?

செய்முறை

வரலாறு கூறிச் செய்முறை கூறாது விடுதல் முறையன்று. மாதாப்பூரில் மே முதல் ஜூலை வரை வடநாட்டுப் பீச் பழங்கள் கிடைக்கும். அழுத்தினால் சிறிதே குழையும் பழங்களாக ஒரு கிலோ தேர்ந்து கொள்க. கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு, உடனே குளிர்நீரில் இட்டால் தோல் எளிதிற் கழலும். கொட்டை நீக்கித் துண்டாக்கி, 100 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சையின் சாறு, ஒரு தேக்கரண்டி சோளமாவு, சிறிது பட்டைத்தூள் கலந்து ஒரு தட்டில் பரப்புக.

150 கிராம் மைதா, 50 கிராம் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து, குளிர்ந்த வெண்ணெய் 75 கிராமை விரல் நுனியால் உதிரியாகப் பிசறுக. பின்னர் 100 மில்லி லிட்டர் பால் விட்டு ஒன்றுகூட்டுக. சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைதல் கூடாது; பிசைந்தால் மேல்மாவு இறுகிவிடும். வெண்ணெய் சிறு சிறு துணுக்குகளாக நின்று உருகுவதாலேயே மேற்பகுதி பொரபொரவென்று அமையும். பேக்கிங் பவுடரில் உள்ள காரமும் அமிலமும் ஈரத்திலும் வெப்பத்திலும் கூடிக் கரியமிலவாயுவை எழுப்புவதால் மாவு பூரிக்கும்.

இம்மாவைக் கரண்டியால் பழத்தின்மீது இடைவெளிவிட்டு இடுக. இடைவெளி இருந்தால்தான் பழத்தின் ஆவி வெளியேறி, மாவின் அடிப்புறம் களியாகாது வேகும். 190 பாகை செல்சியஸ் அளவில் முன்னரே சூடேற்றிய ஓவனில் ஏறத்தாழ 40 நிமிடம் வைக்க, மேலே பொன்னிறமும் ஓரங்களிற் பாகு கொதிப்பதும் தோன்றும்.

ஓவன் இல்லாத இல்லங்கள் வருந்தவேண்டா. இது ஓவன் இல்லாதவர் கண்ட பண்டமே அன்றோ! கனத்த குக்கரில் இரண்டு விரற்கடை உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, உள்வளையமும் வெயிட்டும் நீக்கிய மூடியால் மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுக. மேற்சொன்ன அளவிற் பாதியை ஒரு சிறு பாத்திரத்தில் இட்டு உள்ளே வைத்து, சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம் வேகவைக்கலாம். மேற்புறம் அவ்வளவு சிவக்காது, சுவையிற் குறைவிராது.

பீச் கிடைக்காத மாதங்களில் 250 கிராம் குபானியை இரவில் ஊறவைத்து, கொட்டை நீக்கி, ஊறிய நீரிலேயே 100 கிராம் சர்க்கரையுடன் குழைய வேகவைத்து, அதன்மேல் மேற்படி மாவைப் பாதியளவு இட்டுச் செய்யலாம். குபானிப் பருப்பு இனிப்பாக இருந்தால் மட்டுமே சிறிது தூவுக. கசந்தால் விலக்குக, கசப்புப் பருப்பிலும், பீச் கொட்டையின் உள்ளிருப்பிலும் நஞ்சு உண்டு.

நாம் கொண்ட முடிபு

நிற்க. பெரியவரின் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட எண்ணவில்லை. அவர் அஞ்சியது பீச் பழத்தைக் கண்டன்று என்பதைப் பின்னர் உணர்ந்தோம். தம் பேரக்குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வரவில்லை என்று அவர் ஒருநாள் நம்மிடம் கூறி வருந்தினார். கையிலிருந்து ஒவ்வொன்றாக நழுவுகின்ற காலத்தில், இலையில் உள்ளதையேனும் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் உள்ளம். அவ்வச்சம் மெய்யானது. 1998ஆம் ஆண்டில் சைபர் டவர்ஸ் எழுந்த பின் சிற்றூராயிருந்த மாதாப்பூர் பெருநகராயிற்று. நம்மைப் போன்ற குடும்பங்கள் பல திசைகளிலிருந்தும் வந்து கூடின. வீட்டிலே தமிழ், வீதியிலே தெலுங்கும் உருதுவும், பள்ளியிலே ஆங்கிலம் என வாழும் குழந்தைகளுக்கு எது எஞ்சும் என்னும் கவலை நமக்கும் உண்டு.

ஆயினும், மேற்கண்ட வரலாறு உணர்த்துவது ஒன்றே. பண்டத்தின் பொருள்கள் வாழும் ஊரிலிருந்து வருகின்றன. அது யாருடையது என்பதோ, செய்து கொடுக்கும் கைகளாலும் சொல்லிக் கொடுக்கும் நாவாலும் முடிவாகின்றது. தாயும் மகளும் ஒரு மாலைப்பொழுது முழுதும் அடுக்களையில் நின்று, தமிழிற் பேசிக்கொண்டே மாவு பிசறிச் செய்த பண்டம் தமிழ்ப் பண்டம் ஆகாதெனில், கடையிற் பெட்டியாக வாங்கிவந்து பேசாமல் உண்ணும் அதிரசம் எவ்வாறு தமிழ்ப் பண்டம் ஆகும்? சமையலில் நாம் இழக்கக்கூடியது பண்டத்தையன்று. பண்டத்தைப் பற்றிய பேச்சை. ‘பதம்’, ‘பாகு’, ‘கைப்பிடி’, ‘சிட்டிகை’, ‘கொதி’, ‘தணல்’ என்னும் சொற்கள் அடுப்பின் அருகே வழங்கும்வரை வாழும். அடுப்பருகே பேச்சு நின்றால் அவையும் நிற்கும்.

ஆகவே, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஆபி ஃபிஷர் அம்மையார் சொல்லப் பிறர் எழுதியதுபோல், நம் காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியோ தாயோ சொல்ல, குழந்தைகள் தம் கையால் தமிழில் ஒரு பண்டத்தின் செய்முறையை எழுதட்டும். அது தஞ்சாவூர் அசோகாவாயினும் சரி, குபானி கா மீட்டாவாயினும் சரி, கோப்ளராயினும் சரி. பிழை இருந்தால் திருத்தித் தரப் பெரியவரையே வேண்டிக்கொள்வோம். அப்பணிக்கு அவரினும் தக்கார் நம்மிடையே இலர். அடுத்த ஆண்டு மலரில் அவை வெளிவரட்டும்.

அவ்வம்மையாருக்கும் சிறுமிக்கும் ஒரு சொல். சென்ற ஆண்டு வாய் திறவாதிருந்தது நம் குற்றம், பொறுத்தருள வேண்டும். இவ்வாண்டு விருந்திற்கும் அப்பண்டத்தைக் கொணருங்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு அடுத்த இடத்தில் அதனை வைத்து, முதற் கரண்டியை நாமே இலையில் ஏற்போம். இரண்டாவது கரண்டி பெரியவர் இலைக்குச் செல்லும் என்று நம்புகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!